மூடிய பதிவேடும் புள்ளி நாயும்

சுத்தமான ஜாதி நாய் என்று இன்று விலை பேசுகிறோமே, அந்தச் சுத்தத்தை முடிவு செய்யும் விதிக்கு வயது ஏறக்குறைய நூற்றைம்பதுதான். வேட்டைக்கு ஒன்று, மந்தைக்கு ஒன்று, காவலுக்கு ஒன்று என்று மனிதர்கள் நாய்களைத் தேர்ந்து பெருக்கியது பல்லாயிரம் ஆண்டுப் பழக்கம். ஆனால் நாயின் அப்பன், பாட்டன், முப்பாட்டன் பெயர்கள் ஒரு புத்தகத்தில் இருக்க வேண்டும், அந்தப் புத்தகத்தில் இல்லாத நாயோடு சேர்ந்து ஈன்ற குட்டிக்கு இனத்தின் பெயர் கிடையாது என்ற ஏற்பாடு விக்டோரியா காலத்து இங்கிலாந்தில்தான் உருவானது. நாய் வளர்ப்பில் அறம் என்று பேச்செடுத்தால் உடனே நினைவுக்கு வருவது, இருட்டுக் கூண்டில் பெட்டையை அடைத்து வைத்து ஈத்துக்கு மேல் ஈத்தாகக் குட்டி எடுக்கும் வியாபாரி. அவனைக் கண்டிக்க யாரும் தயங்கப் போவதில்லை. கண்டிக்கச் சிரமமான இன்னொரு தரப்பு இருக்கிறது. நாயைப் பிள்ளை போல வளர்த்து, கணக்கில் நேர்மையாக இருந்து, ஒரு விதியையும் மீறாமல் இனப்பெருக்கம் செய்தவர்கள் அவர்கள். அந்த விதியை மீறாத காரணத்தாலேயே தலைமுறை தலைமுறையாக நோயையும் சேர்த்துக் கைமாற்றினார்கள் என்பதற்கு வரலாற்றில் போதிய சாட்சி இருக்கிறது. ஆகவே அறத்தைப் பற்றிய கேள்வியை வளர்ப்பவரின் மனச்சாட்சியோடு நிறுத்திக்கொள்ளாமல் பதிவேட்டை வைத்திருப்பவரிடமும் கேட்க வேண்டும் என்கிறேன்.

பதிவேடு கெட்ட நோக்கத்தில் பிறக்கவில்லை. 1859 ஜூன் 28, 29 தேதிகளில் இங்கிலாந்தின் வடக்கே நியூகாசில் நகர மண்டபத்தில் ஒரு நாய்க் கண்காட்சி நடந்தது. இன்றைய கண்காட்சிகளுக்கெல்லாம் அதுதான் முன்னோடி என்று சொல்வார்கள். பாயிண்டர், செட்டர் என்ற இரண்டு வகை வேட்டை நாய்களுக்கு மட்டுமே அனுமதி. வந்தவை 60 நாய்கள். உள்ளூர்த் துப்பாக்கி வியாபாரி கொடுத்த துப்பாக்கிகள்தான் பரிசு. பாயிண்டர் பிரிவில் ஜெயித்தது செட்டர் நடுவரின் நாய். செட்டர் பிரிவில் ஜெயித்தது பாயிண்டர் நடுவரின் நாய். அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கண்காட்சிகள் ஊர் ஊராகப் பரவின, குழப்பமும் கூடவே பரவியது. ஒரே பெயரில் பல நாய்கள் போட்டிக்கு வந்தன. எந்த நாய் எங்கே ஜெயித்தது, எதற்குப் பிறந்தது என்று உறுதியாகச் சொல்ல ஆளில்லை. குட்டி வாங்குபவர் விற்பவரின் வாய்ச்சொல்லை நம்பியே பணம் கொடுத்தார். இதைத் தீர்க்கத்தான் 1873 ஏப்ரலில் நாடாளுமன்ற உறுப்பினர் செவாலிஸ் ஷெர்லியும் வேறு பன்னிரண்டு பேரும் கூடி கென்னல் கிளப்பைத் தொடங்கினார்கள். 1874இல் வந்த முதல் வம்சப் பதிவேட்டில் 4,000க்கும் மேற்பட்ட நாய்கள் இருந்தன. 1880 முதல் பெயர்ப் பதிவு முறைப்படுத்தப்பட்டது. அமெரிக்காவின் கென்னல் கிளப் 1884இல் தொடங்கியது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவும் இதே மரபில் வந்ததுதான். வாங்குபவரை மோசடியிலிருந்து காத்த வகையில் பதிவேடு ஒரு சீர்திருத்தம். அதை ஒப்புக்கொள்ளாமல் மேலே பேசுவது நேர்மையாகாது.

சான்றாக இருந்த புத்தகம் வேலியாக மாறியபோதுதான் சிக்கல் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆங்கிலேய வளர்ப்பாளர்கள் கலப்புக்கு அஞ்சியவர்கள் இல்லை. 18ஆம் நூற்றாண்டில் ஆர்ஃபோர்ட் பிரபு தம் கிரேஹவுண்டுகளுக்கு வேகம் இருந்தும் நெஞ்சுரம் போதவில்லை என்று புல்டாக்கோடு சேர்த்தார் என்பது வேட்டை நூல்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் செய்தி. புல்டாக் கலப்பால் கிரேஹவுண்டுகளுக்கு வந்த துணிவு பல தலைமுறை நீடித்ததை டார்வினே குறிப்பிட்டிருக்கிறார். குறை கண்ட இடத்தில் வெளியிலிருந்து ஒரு நாயைக் கொண்டுவருவது, பிறகு பழைய இனத்தோடு திரும்பத் திரும்பச் சேர்த்து உருவத்தை மீட்பது: இது அன்று தேர்ந்த வளர்ப்பாளரின் கைத்திறன். பதிவேடு மூடப்பட்டதும் அதே கைத்திறன் மோசடி என்று பெயர் வாங்கியது. வேலை இருந்த இடத்தில் உருவ வரையறை வந்து உட்கார்ந்தது. 1835இல் பிரிட்டனில் காளைகளின் மீது நாய்களை ஏவும் விளையாட்டு சட்டத்தால் தடை செய்யப்பட்ட பிறகு புல்டாக்குக்கு வேலை இல்லாமல் போயிற்று. மேடையில் அதற்குப் புகழ் தேடித் தந்தவை பெருத்த தலையும் குட்டை மூக்கும் அகன்ற தோளும் ஒடுங்கிய இடுப்பும். பெருந்தலைக் குட்டி ஒடுங்கிய இடுப்பு வழியே எப்படி வெளியே வரும் என்று அந்த வரையறையை எழுதியவர்கள் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. 2010இல் வெளியான பிரிட்டன் ஆய்வொன்றின்படி புல்டாக், ஃபிரெஞ்சு புல்டாக், பாஸ்டன் டெரியர் ஆகிய மூன்று இனங்களிலும் 80 சதவீதத்துக்கு மேற்பட்ட ஈத்துகள் சிசேரியன்.

புல்டாக்கின் கேடு பார்த்தாலே தெரியும். டால்மேஷனின் கேடு வெளியே தெரியாது, அதனால் அதன் வரலாறு இன்னும் கூர்மையான சாட்சி. வெள்ளை உடம்பில் கருப்போ பழுப்போ புள்ளி போட்ட இந்த நாய் செல்வந்தர்களின் குதிரை வண்டிகளோடு சேர்ந்து ஓடியது. அமெரிக்காவில் குதிரை பூட்டிய தீயணைப்பு வண்டிகளோடும் ஓடியது. பார்க்க ஒழுங்கான உடல்வாகு, நல்ல கால்கள், நீண்ட மூக்கு. 1916இல் ஸ்டான்லி பெனடிக்ட் என்ற அமெரிக்க உயிர்வேதியியலாளர் இந்த நாயின் சிறுநீரில் யூரிக் அமிலம் மிதமிஞ்சி இருப்பதை எழுதினார். மற்ற நாய்கள் நாளொன்றுக்கு 10 முதல் 60 மில்லிகிராம் வரை வெளியேற்றும். டால்மேஷன் வெளியேற்றுவது 400 முதல் 600 மில்லிகிராம். பிற நாய்களின் ஈரல் யூரிக் அமிலத்தை எளிதில் கரையும் அலண்டாயினாக மாற்றிவிடுகிறது. டால்மேஷனின் ஈரலிலும் அதற்கான நொதி இருக்கிறது. யூரிக் அமிலத்தை ஈரல் செல்லுக்குள் கொண்டுபோகும் வழிதான் பழுது. 1938இல் டிரிம்பிள், கீலர் என்ற இருவர் டால்மேஷனையும் கோலியையும் சேர்த்து வளர்த்துப் பார்த்து, இந்தக் கோளாறு ஒடுங்கு பண்பாக இறங்குகிறது என்று காட்டினார்கள். அதாவது அப்பனிடமிருந்தோ தாயிடமிருந்தோ ஒரே ஒரு நல்ல மரபணு கிடைத்தாலும் குட்டி தப்பிவிடும். துயரம் என்னவென்றால், பதிவேட்டுக்குள் இருந்த டால்மேஷன்களில் அந்த ஒரு நல்ல மரபணு எதனிடமும் மிச்சம் இல்லை. இனம் முழுவதற்கும் அந்தக் கோளாறே இயல்பாகிவிட்டிருந்தது.

அந்தப் பழுது நாயின் உடம்பில் என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். கரையாத யூரேட் உப்பு சிறுநீர்ப்பையில் திரண்டு மஞ்சளும் பச்சையும் கலந்த வழவழப்பான சிறு உருண்டைகளாகிறது. சாதாரண எக்ஸ்ரேயில் அவை பெரும்பாலும் பிடிபடாது. பெட்டைக்குச் சிறுநீர்ப் பாதை அகலமும் குட்டையும் என்பதால் பல நேரம் கல் தானே வெளியேறிவிடும். கடுவனுக்கு அப்படி இல்லை. நாயின் ஆண்குறிக்குள் ஓர் எலும்பு உண்டு. சிறுநீர்க் குழாய் அந்த எலும்பின் பள்ளத்துக்குள் புகுந்து போகிறது. அதுவரை விரிந்து கொடுத்த குழாய் அந்த இடத்தில் விரியாது. கல் அங்கே வந்து சிக்கிக்கொள்கிறது. நாய் காலைத் தூக்கித் தூக்கி நிற்கும், இரண்டு சொட்டு விழும், சில நேரம் அதிலும் இரத்தம். சிறுநீர்ப்பை வீங்கி இறுகும். மருத்துவர் குழாய் செருகி நீரைப் பாய்ச்சிக் கல்லை மீண்டும் பைக்குள் தள்ளிப் பார்ப்பார், முடியாவிட்டால் அறுவை. கவனிக்காமல் விட்டால் இரண்டு மூன்று நாளில் விஷம் ஏறிச் சாகும். எல்லா டால்மேஷனுக்கும் கல் வருவதில்லை என்பது உண்மை. கல் அடைத்து அவதிப்படுபவை பெரும்பாலும் கடுவன்கள்தாம், அவற்றிலும் ஒரு பகுதிதான். ஆனால் எந்த நாய்க்கு வரும் என்று குட்டியிலேயே யாராலும் சொல்ல முடியாது. அதனால் ஆயுள் முழுக்க ஈரல் போன்ற உணவுகளை விலக்கி, தண்ணீரை வற்புறுத்திக் குடிக்க வைத்து, அவ்வப்போது சிறுநீரைச் சோதித்து வளர்க்க வேண்டியிருக்கிறது.

1973இல் ராபர்ட் ஷைபிள் என்ற அமெரிக்க மரபியலாளர் பழைய கைத்திறனைத் திரும்பக் கையில் எடுத்தார். பதிவு பெற்ற டால்மேஷன் ஒன்றைப் பதிவு பெற்ற பாயிண்டர் ஒன்றோடு சேர்த்தார். நல்ல மரபணு வாங்கிய குட்டிகளை மட்டும் தேர்ந்து, அவற்றை மீண்டும் டால்மேஷன்களோடு சேர்த்தார். அவற்றின் குட்டிகளையும் அப்படியே. அதன் பிறகு பாயிண்டர் ஒருமுறைகூட உள்ளே வரவில்லை. ஐந்தாம் தலைமுறையில் கணக்குப்படி ஏறத்தாழ 97 பங்கு டால்மேஷன், 3 பங்கு பாயிண்டர். பார்க்க டால்மேஷன், சிறுநீரில் மற்ற நாய்களின் அளவுதான் யூரிக் அமிலம். 1981இல் அமெரிக்கன் கென்னல் கிளப் அத்தகைய இரண்டு நாய்களை டால்மேஷன் என்று பதிந்தது. அந்நாட்டு டால்மேஷன் சங்கத்தார் கொதித்தெழுந்தார்கள். 1984இல் உறுப்பினர்கள் வாக்களித்து எதிர்க்க, அந்த நாய்களின் வாரிசுகளுக்குப் பதிவு நின்றுபோனது. ஆனாலும் ஒரு சிலர் விடாமல் அந்த வரிசையைப் பதிவேட்டுக்கு வெளியே காப்பாற்றினார்கள். 2008இல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் டானிகா பனாஷின் குழு பழுதான மரபணுவைக் கண்டுபிடித்து, எளிய சோதனையால் எந்த நாயிடம் நல்லது இருக்கிறது என்று சொல்ல வழி செய்தது. பிரிட்டனின் கென்னல் கிளப் 2010இலும் அமெரிக்காவினுடையது 2011இலும் கதவைத் திறந்தன. கோளாறு எப்படி இறங்குகிறது என்று தெரிந்தது 1938இல், தீர்வு கையில் கிடைத்தது 1981இல், ஏற்றுக்கொண்டது 2011இல். இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் பிறந்த கடுவன்கள் எதற்காக வலியில் துடித்தன என்ற கேள்விக்கு ‘பதிவேட்டின் சுத்தத்துக்காக’ என்பதைத் தவிர எனக்கு வேறு பதில் கிடைக்கவில்லை.

எதிர்த்தவர்களை மூடர்கள் என்று தள்ளிவிட முடியாது. அவர்களின் முதல் வாதம், ஒருமுறை திறந்தால் திறந்ததுதான், இன்று நோயைக் காரணம் காட்டி ஒரு பாயிண்டர் வந்தால் நாளை விற்பனையைக் காரணம் காட்டி வேறொன்று வரும், இனமே கரைந்துபோகும் என்பது. அந்த அச்சத்துக்கு அடிப்படை இருக்கிறது. லாப்ரடாரையும் பூடிலையும் சேர்த்துப் புதுப் பெயர் சூட்டிக் கொள்ளை விலைக்கு விற்கும் சந்தை இன்று எப்படி நடக்கிறது என்று பார்த்தாலே தெரியும். ஆனால் ஷைபிள் செய்தது நேர் எதிரானது. ஒரே கலப்பு, குறித்த ஒரு மரபணுவுக்காக, ஒவ்வொரு குட்டியும் எழுதி வைக்கப்பட்டு, பல தலைமுறைப் பொறுமையோடு. கலப்பை மறைத்தால் அது மோசடி. எழுதி வைத்தால் அதுவே பதிவேட்டின் மூல நோக்கம். இனம் கரையும் என்ற வாதத்துக்கு நாய்களே பதில் சொல்லிவிட்டன: மீண்டும் மீண்டும் டால்மேஷனோடு சேர்ந்த அந்த வரிசை இன்று கண்காட்சி மேடையில் மற்ற டால்மேஷன்களோடு நிற்கிறது. அவற்றின் புள்ளிகளின் ஓரம் சற்றுத் தெளிவு குறைந்திருப்பதாக ஆரம்பத்தில் குறை சொன்னார்கள். சொல்லட்டும். புள்ளியின் ஓரத்தையும் நாயின் மூத்திர வலியையும் ஒரே தராசில் வைக்க நேர்ந்ததே வெட்கப்பட வேண்டிய விஷயம்.

இரண்டாவது வாதம் இதைவிட வலுவானது: நாங்கள் பரிசோதனை செய்துதான் சேர்க்கிறோம், இடுப்பு எலும்பு, இதயம், கண் எல்லாம் பார்க்கிறோம், குற்றவாளி குட்டித் தொழிற்சாலை நடத்துபவன்தான் என்பது. பரிசோதனை செய்கிறவர் செய்யாதவரை விட மேல், அதில் ஐயமில்லை. ஆனால் சோதனை என்பது தேர்ந்தெடுக்க ஏதாவது இருக்கும்போதுதான் உதவும். மூடிய பதிவேட்டுக்குள் இருந்த எல்லா டால்மேஷனிடமும் பழுது இருந்தபோது சோதித்துப் பார்த்து எதைத் தேர்ந்தெடுப்பது? மற்ற இனங்களிலும் தெரிவு செய்வதற்கான இருப்பு குறைந்துகொண்டே வருகிறது. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஆய்வாளர்கள் கென்னல் கிளப்பின் ஏடுகளையே எடுத்துப் பத்து இனங்களைக் கணக்கிட்டு 2008இல் வெளியிட்டார்கள். பத்தில் ஏழு இனங்களில், ஆறே தலைமுறைக்குள் அரிய மரபணு வேறுபாடுகளில் 90 சதவீதத்துக்கும் மேல் தொலைந்திருந்தன. ஆயிரக்கணக்கில் நாய் இருந்தும் பெரும்பாலான இனங்களின் மரபணு இருப்பு 40 முதல் 80 நாய்களுக்கு உரிய அளவுதான். காரணம் எளிது. பரிசு வாங்கிய ஒரு கடுவனிடம் எல்லோரும் பெட்டையைக் கொண்டுபோகிறார்கள். அடுத்த தலைமுறையில் சேர்க்கக் கிடைப்பதெல்லாம் அதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். இதில் யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் கூண்டில் அடைக்கவில்லை. அதே 2008 ஆகஸ்டில் பிபிசி ஒளிபரப்பிய ஆவணப்படம் இந்த நிலைமையை வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்தது. மறு ஆண்டு கென்னல் கிளப்பின் கிரஃப்ட்ஸ் கண்காட்சியை பிபிசி ஒளிபரப்பவில்லை. தாய்க்கும் மகனுக்கும், தந்தைக்கும் மகளுக்கும், உடன்பிறப்புகளுக்கும் பிறந்த குட்டிகளைப் பதிய மாட்டோம் என்று பிரிட்டனின் கென்னல் கிளப் அறிவித்தது அந்த ஆவணப்படத்துக்குப் பிறகுதான். அதுவரை பதிந்துகொண்டிருந்தது என்பதை அந்த அறிவிப்பே ஒப்புக்கொண்டது.

தெரு நாய்க்கும் கலப்பு நாய்க்கும் நோய் வருவதில்லையா என்பது மூன்றாவது வாதம். வருகிறது. டேவிஸ் பல்கலைக்கழக மருத்துவமனைக்கு வந்த 27,000க்கும் மேற்பட்ட நாய்களின் ஏடுகளை வைத்து 2013இல் வெளியான ஆய்வு 24 மரபு நோய்களை எடுத்துக்கொண்டது. 13 நோய்களில் ஜாதி நாய்க்கும் கலப்பு நாய்க்கும் வேறுபாடு இல்லை. 10 நோய்கள் ஜாதி நாய்களில் கூடுதல். ஒன்று, முழங்கால் தசைநார் அறுவது, கலப்பு நாய்களில் கூடுதல். ஆகவே கலப்பு என்றாலே நலம் என்று நானும் சொல்ல மாட்டேன். இனங்களை ஒழித்துவிடச் சொல்வதும் என் நோக்கம் இல்லை. ஆட்டு மந்தையைத் தானே வளைத்துத் திருப்பும் நாயையும், காற்றைக் கிழித்து ஓடும் வேட்டை நாயையும் உருவாக்கிய பல நூற்றாண்டு உழைப்பை மதிக்கிறவன்தான், அந்த உழைப்பு எப்படி நடந்ததோ அப்படியே தொடரட்டும் என்று கேட்கிறேன்.

டால்மேஷனிடம் இன்னொரு பாடம் இருக்கிறது, அது நம் ஊர்ப்பக்கம் நேராக வந்து சேர்கிறது. டால்மேஷன் குட்டிகள் வெள்ளையாகப் பிறக்கும். புள்ளிகள் இரண்டு வாரம் போலக் கழித்துத்தான் தோன்றும். சில குட்டிகள் மட்டும் காதிலோ கண்ணைச் சுற்றியோ ஒரு கருந்திட்டோடு பிறக்கும். அமெரிக்க வரையறைப்படி திட்டு இருந்தால் நாய் கண்காட்சிக்குத் தகுதியற்றது. தோலுக்கு நிறம் தரும் அதே வகை செல்கள் உட்காதிலும் இருந்தால்தான் அங்கே ஒலியை வாங்கும் மெல்லிய மயிர்ச்செல்கள் பிழைக்கும். அவை இல்லாத காதில் பிறந்த சில வாரங்களுக்குள் மயிர்ச்செல்கள் செத்து, காது நிரந்தரமாக அவிந்துவிடும். அமெரிக்க டால்மேஷன்களில் ஏறக்குறைய 30 சதவீதம் ஒரு காதிலாவது செவிடு என்று கணக்கெடுத்திருக்கிறார்கள். திட்டோடு பிறந்த குட்டிகளில் செவிடு குறைவு. கேட்கும் திறன் கூடுதலாக உள்ள குட்டியை அழகு வரையறை வெளியே தள்ளிவிட்டு, குறைவாக உள்ளதை இனப்பெருக்கத்துக்குத் தேர்கிறது. இப்போது ராஜபாளையம் நாயைப் பாருங்கள். வெள்ளை வெளேர் உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, அதுதான் அசல் என்ற எண்ணம் வளர்ப்பவர், வாங்குபவர் இருவரிடமும் ஊறிக் கிடக்கிறது. இந்த இனத்தில் பழுப்பும் கருப்பும் கலந்த குட்டிகள் பிறப்பது உண்டு. வெள்ளைதான் வேண்டும் என்று அவற்றைக் கழித்துக்கட்டிய வழக்கமும் உண்டு. வெள்ளைக் குட்டிகளிடையே செவிடு பிறப்பதும் ராஜபாளையம் வளர்ப்போர் அறிந்ததே. தனக்கு எதனால் செவிடு வந்தது என்று டால்மேஷன் சொல்லிக்கொடுத்த பிறகும் நிறக்குட்டிகளை ஒதுக்குவது, தெரிந்தே செவிட்டைத் தேர்ந்தெடுப்பதற்குச் சமம்.

2005இல் இந்திய அஞ்சல் துறை ராஜபாளையம், முதோல், ராம்பூர் ஹவுண்ட், இமாலய மந்தை நாய் ஆகிய நான்கு இனங்களுக்கும் தபால்தலை வெளியிட்டது. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லிப் பேசிய பிறகு நாட்டு நாய்களுக்குத் தேவை கூடியது. தேவை கூடும்போது முதலில் வருவது பதிவேடு வேண்டும் என்ற கோரிக்கை. வேண்டியதுதான். வம்சம் எழுதப்படாத இனத்தை மோசடியிலிருந்தும் கண்மூடித்தனமான கலப்பிலிருந்தும் காக்க வேறு வழி இல்லை. ஆனால் ஒரு சில நாய்களை முதல் தலைமுறையாகப் பதிந்துகொண்டு கதவை அடைத்துவிட்டால், இங்கிலாந்து நூறாண்டில் போய்ச் சேர்ந்த இடத்துக்கு நாம் இருபதே ஆண்டில் போய்விடுவோம். ஏனென்றால் நம்மிடம் தொடக்க இருப்பே குறைவு. இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. பசென்ஜி என்ற ஆப்பிரிக்க நாய் மேலை நாட்டில் ஒரு கைப்பிடி முன்னோரிலிருந்து பெருகி மரபு நோயில் சிக்கியபோது, ஆர்வலர்கள் ஆப்பிரிக்கக் கிராமங்களுக்கே போய் நாய்களைக் கொண்டுவந்தார்கள். 1990இல் அமெரிக்கன் கென்னல் கிளப் அவற்றுக்காகப் பதிவேட்டைத் திறந்தது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி நாய்களின் ஆப்பிரிக்கக் கிராமங்கள் விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களின் கரிசல் காட்டிலேயே இருக்கின்றன. காகிதம் இல்லாத நல்ல நாயை, உருவமும் ஓட்டமும் உடல்நலமும் பார்த்துப் பதிவேட்டுக்குள் சேர்க்கும் வாசல் எப்போதும் திறந்திருக்க வேண்டும். நிறத்தை மட்டும் வைத்துச் சிப்பிப்பாறை வேறு கன்னி வேறு என்று வேலி போடுவதற்கு முன்னும் ஒருமுறை யோசிக்க வேண்டும்.

சட்டம் இதில் எவ்வளவு தூரம் வரும்? இங்கிலாந்தில் 2020 ஏப்ரல் முதல் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டியை இடைத்தரகர் விற்கக் கூடாது. வளர்த்தவரிடமே, தாயோடு பார்த்து வாங்க வேண்டும். வேல்ஸின் குட்டிப் பண்ணையிலிருந்து மீட்கப்பட்ட லூசி என்ற கவாலியர் இனப் பெட்டையின் பெயரால் அதை லூசி சட்டம் என்கிறார்கள். இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் வளர்ப்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிய வேண்டும் என்றும், 18 மாதம் நிறையாத பெட்டையைச் சேர்க்கக் கூடாது என்றும், ஆயுளில் 5 ஈத்துக்கு மேல் கூடாது என்றும், 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்றும் சொல்கின்றன. இவையெல்லாம் கூண்டுக்கார வியாபாரியைக் குறிவைத்தவை, தேவையானவை. பதிவேட்டையே கேள்வி கேட்டது நார்வேதான். கவாலியர் இனத்தை இன்று நடக்கும் முறையில் பெருக்குவது விலங்கு நலச் சட்டத்துக்கு முரண் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2023இல் உறுதி செய்தது. ஓர் இனத்தைச் சுத்த இனமாகவே பெருக்குவது சட்டமீறல் என்ற நிலைக்கு ஒரு நாட்டின் நீதிமன்றம் வந்து சேர்ந்திருக்கிறது.

ஆனால் பதிவேட்டை மூடி வைத்திருக்கும் கைகளுக்கு வலுக் கொடுப்பது வாங்குபவரின் ஆசைதான். 101 டால்மேஷன் படம் 1980களில் மறுபடி திரைக்கு வந்த பிறகு அமெரிக்காவில் டால்மேஷன்களின் ஆண்டுப் பதிவு 8,000 அளவிலிருந்து 40,000க்கு மேல் போனது. ஹட்ச் கைபேசி நிறுவன விளம்பரத்தில் ஒரு பக் நாய் சிறுவன் பின்னால் ஓடிய பிறகு நம் ஊர் மாடி வீடுகளில் மூச்சிரைக்கும் பக் எத்தனை வந்தன என்று எல்லோருக்கும் நினைவிருக்கும். கேட்பவர் மாறினால் பதிவேடும் மாறும். குட்டி வாங்கப் போகிறவர்கள் தாயை நேரில் பாருங்கள். அது படுத்திருக்கும் இடத்தையும் பாருங்கள். பெடிகிரித் தாளில் அப்பன் வழியிலும் தாய் வழியிலும் ஒரே பெயர் திரும்ப வருகிறதா என்று தேடுங்கள். வந்தால் அதைப் பெருமையாகச் சொல்பவரிடமிருந்து விலகி வாருங்கள். வெள்ளைக் குட்டி என்றால் உடன்பிறப்புகளிடமிருந்து தனியே பிரித்து, அது பாராத பக்கத்தில், தரை அதிராமல் ஓசை எழுப்பிப் பாருங்கள். கூட்டத்தில் இருக்கும் செவிட்டுக் குட்டி மற்றவை எழுவதைப் பார்த்துத் தானும் எழுந்துவிடும், தனியே விட்டால்தான் தெரியும். ஒரு காது மட்டும் அவிந்திருந்தால் அப்போதும் தெரியாது; அதற்குக் காது நரம்புச் சோதனைதான் வழி, அது செய்யப்பட்டதா என்று கேளுங்கள். கடைசியாக, இந்த ஈத்தில் வேறு நிறத்தில் பிறந்த குட்டிகள் எங்கே என்று கேளுங்கள். அவற்றைக் காட்ட முடியாதவரிடம் வாங்காதீர்கள்.